ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவள்

1

இன்று எங்கள் கவுண்டியில் பெண்களுக்கான கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம். கவுண்டி என்றால் நம்மூர் ஜில்லா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆடுகிற ஆட்டம். ஒரு வருடமாக அந்த மைதானத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன் இன்று போனேன். போயிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் போனதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நெய்வேலியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிக்கும்போது முதலில் கேட்கப்போவது, "கலியமூர்த்தி நல்லா இருக்கானா, பொண்ணு எப்படி இருக்கு?" என்பதுதான். நான் இருக்கிறேன். பெண் என்னோடு இல்லை. அவள் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் நான் ஒரு அறையில் ஐந்து பேர் முன்னால் சொன்ன ஒரு தேதி. அதைத்தான் சொல்லப் போகிறேன். அயர்லாந்து எப்படி இருக்கிறது, பனி பெய்யுமா, சோறு கிடைக்குமா என்று கேட்டு எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும்.

2

நெய்வேலி கரிக்கட்டி ஆலையில் நான் ஃபிட்டர். பிரஸ் மெஷின் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் என் கைவேலையைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரிலும் இதே மெஷின்தான், ஆள் பற்றாக்குறை" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. அப்படித்தான் இங்கே வந்தேன்.

இங்கே சுரங்கம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம். அதன் மேல்தோலைச் சுரண்டி, காயவைத்து, பொடியாக்கி, அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். பீட் என்று பெயர். இன்னும் பல யுகம் மண்ணுக்குள் கிடந்திருந்தால் நம்முடைய பழுப்பு நிலக்கரியாக ஆகியிருக்கும். தூசு மட்டும் அதே தூசு. முதல் நாள் வேலை முடிந்து மூக்கைச் சிந்தினபோது கைக்குட்டையில் பார்த்த கறுப்பைக் கண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் ஞாபகம் எனக்கு அப்படித்தான் வரும், பூ வாசனையில் எல்லாம் வராது.

மூர்த்தி என்ற பெயர் இவர்கள் வாயில் மர்ட்டி ஆனது. அது இங்கே பழைய காலத்து ஆண் பெயராம். ஆகவே யாரும் சிரமப்படவில்லை. என் மகள் அமுதா, பள்ளியில் சேர்ந்த ஒரே மாதத்தில் எம்மா ஆகிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. எட்டு வயதுக் குழந்தை, அம்மா இல்லாதவள், நிறத்தால் தனியாகத் தெரிகிறவள். பெயராவது கூட்டத்தோடு சேரட்டும் என்று நினைத்திருப்பாள்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பதினைந்து பேர். காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். கம்பத்தின் கீழ் வலைக்குள் போட்டால் மூன்று, மேலே தாண்டினால் ஒன்று. பையன்கள் தரையில் கிடக்கும் பந்தைக் கால்விரலால் தூக்கித்தான் கையில் எடுக்க வேண்டும். பெண்கள் நேரே குனிந்து எடுக்கலாம். அமுதா குனிந்து எடுத்தாள் என்றால் யாரும் அவளிடமிருந்து பறிக்க முடியாது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் சடுகுடு ஆடி வளர்ந்த உடம்பு.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் மொரீன். எங்கள் ஆலை கேன்டீனில் வேலை செய்கிற அம்மாள், வயது ஐம்பதுக்குப் பக்கம். அவர் காலத்தில் பெண்களுக்கு இந்த ஆட்டத்தில் போட்டியே கிடையாது. அந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்து வைத்து இந்தப் பெண்களைப் பழக்கினார். எங்கள் ஊர் பெண்கள் அணி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. மொரீனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போன அன்று, அமுதா பந்தோடு ஓடும்போது என்னை அறியாமல், "உடாத! உடாத!" என்று கத்திவிட்டேன். ஆலைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களும் கத்தினார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் எங்கள் அணிக்கே அது கோஷம் ஆகிவிட்டது. சிவந்த முகத்துக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு "உடாத! உடாத!" என்று என் சொந்த ஊரான கம்மாபுரத்துப் பாஷையில் கத்தினதைக் காண உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

3

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன்.

அமுதா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில், அவள் அம்மா வசந்தாவின் வீட்டில். தலைப்பிரசவம். காணும் பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி பதினேழு. மூன்று வயது முடிந்த கொஞ்ச நாளில் வசந்தா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அக்கா, "பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஷிப்டுக்குப் போங்க தம்பி, எங்க வீட்டு மூணோட நாலா வளரட்டும்" என்று ஒரு வருடம் பார்த்துக்கொண்டார். பிறகு அவர்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து வேறு பிளாக்குக்குப் போய்விட்டார்கள். நான் காலில் விழாத குறையாக ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். ஷிப்ட் நேரமும் பள்ளிக்கூட நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பிழைத்தேன். ஆனால் ஜூன் மாதத்தில் அவளுக்கு நாலு வயதும் நாலரை மாதமும்தான். ஐந்து முடிந்திருக்க வேண்டும்.

டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஒருவர் இருந்தார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர். அமுதாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பா, வலது கைய தலைக்கு மேல போட்டு எடது காதத் தொடு பாக்கலாம்."

அவள் போட்டாள். விரல் காதுக்கு ஓர் அங்குலம் மேலேயே நின்றது. நான் பின்னால் நின்றபடி அவள் தலையை மெதுவாகச் சாய்த்துவிட்டேன். விரல் தொட்டது. கிளார்க் அதைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, நாலு வயசுக் கொழந்தய இட்டுகினு வந்து நிக்கிறீங்க?"

"வூட்ல பாத்துக்க ஆளில்லீங்க. அவங்க அம்மா தவறிட்டாங்க."

அவர் பேனாவைத் திறந்தார். "பொறந்த சர்ட்டிபிகேட்டு கிது எதுனா வச்சிருக்கீங்களா?"

"வாங்கலீங்க."

"நல்லதாப் போச்சு. ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கறேன். அஞ்சு முடிஞ்சிடுது. பிற்பாடு யாரு கேக்கப் போறா?"

ஏழரை மாதம். அவ்வளவுதான் கூட்டினது. யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் உண்மைதான். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தநாள். எனக்கே என் சான்றிதழில் ஜூன் பத்து. என் உண்மையான தேதி என் அப்பாவுக்கும் தெரியாது. நம்மில் யாருக்குத்தான் தாளில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு பிறந்தநாள் இல்லை? அது பொய் என்றே நமக்குத் தோன்றியதில்லை. அந்தக் கிளார்க் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. என் கஷ்டத்தைப் பார்த்து உதவிய மனிதர்.

என் பாஸ்போர்ட்டில் அமுதாவைச் சேர்க்கும்போது அவள் பள்ளிச் சான்றிதழைத்தான் வைத்தேன். அதில் உள்ள தேதி பாஸ்போர்ட்டுக்குப் போனது. பாஸ்போர்ட்டில் உள்ளது இங்கே காவல் நிலையத்து வெளிநாட்டவர் பதிவேட்டுக்குப் போனது. ஆனால் வீட்டில் நான் ஒரு வருடம்கூட ஜூன் ஒன்றைக் கொண்டாடியதில்லை. ஜனவரி பதினேழு அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்து, வசந்தா படத்துக்கு முன்னால் வைப்பேன். அமுதாவுக்குத் தெரிந்த பிறந்தநாள் அதுதான். மற்றதை அவளிடம் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

4

போன வருட இறுதி ஆட்டம். அன்று காலையிலிருந்து தூறல். அமுதாவுக்குப் பதினைந்தாம் எண் பனியன், மூலை முன்கள ஆட்டக்காரி.

எதிரணி பக்கத்து ஊர். இந்த நாட்டில் பக்கத்து ஊர் என்றால் பங்காளி என்று அர்த்தம். ஒரே மாதா கோயில் பாதையில் நடப்பார்கள், சாவுக்கு வருவார்கள், மைதானத்தில் வெட்டிக்கொள்வார்கள். எங்களை வருடா வருடம் பதிவு செய்கிற காவல் நிலைய சார்ஜென்ட் அந்த ஊர்க்காரர். அவருடைய பெண்தான் அமுதாவைத் தடுக்க நிறுத்தப்பட்ட தடுப்பாட்டக்காரி.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து மேலே இருந்து இறங்கியது. நாலு பெண்கள் எகிறினார்கள். எல்லாக் கைகளுக்கும் மேலே ஒரு கறுத்த கை போய் அதைப் பிடித்தது. என் பெண்ணின் வலது கை. காதைத் தொடாத கை. அவள் இறங்கினாள், சார்ஜென்ட் மகளை ஒரு தோளால் ஒதுக்கினாள், நாலு எட்டு வைத்தாள். நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. ஊரே கத்தியது. வலைக்குள் போட்டாள்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். மொரீன் சேற்றில் மண்டியிட்டு அழுதார். நாற்சந்தியில் பீட் கட்டிகளைக் குவித்துக் கொளுத்தி, பெண்களை டிராக்டரில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். எட்டு வருடமாக என்னோடு தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து என் முதுகில் தட்டினார்கள். "எங்கள் எம்மாவின் அப்பா" என்றார்கள். எங்கள் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். அமுதா டிராக்டரிலிருந்து குனிந்து தமிழில் கத்தினாள்:

"அப்பா, பாத்துகினு இருந்தியா? நெசமா பாத்தியா?"

அவள் தமிழ் எட்டு வயதோடு நின்றுபோன தமிழ். மூச்சு முட்ட சந்தோஷமோ அழுகையோ வந்தால்தான் அது வெளியே வரும்.

5

மூன்றாம் வாரம் ஆட்சேபணைக் கடிதம் வந்தது. தோற்ற அணி, ஜெயித்த அணியின் மேல் விதிமீறல் சொல்லி எழுதிக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். சார்ஜென்ட் கெட்ட மனிதர் இல்லை. தன் மகளைத் தாண்டிப் போன பெண்ணின் வயதை அவர் பதிவேட்டில் பார்த்திருக்கிறார், அது ஞாபகம் வந்திருக்கிறது. அந்த வருடம் ஜனவரி ஒன்று அன்று பதினாறு முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. ஜனவரி பதினேழில் பிறந்தவள் என்றால் அமுதா பதினாறு நாள் வித்தியாசத்தில் ஆடலாம். ஜூன் ஒன்று என்றால் ஆட முடியாது. மொரீன் கொடுத்த படிவத்தில் அவளே தன் கையால் ஜனவரி பதினேழு என்று எழுதியிருந்தாள். வேறு என்ன எழுதுவாள்?

அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். காதைத் தொட்ட கதை, கிளார்க், எல்லாம். அவள் சிரித்தாள்.

"அப்ப நான் எழுதினதுதானே கரெக்ட்? போய்ச் சொல்லிடு, அவ்ளோதான்."

மொரீன் வீட்டுக்கே வந்தார். "மர்ட்டி, உண்மையான பிறப்புச் சான்று ஒன்று கொண்டுவா. விசாரணையை ஒரு மாதம் தள்ளி வாங்கியிருக்கிறேன். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் வசந்தாவின் தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கவர் வந்தது. மச்சான் எழுதியிருந்தான்: "மாமா, பஞ்சாயத்து ஆபீஸ்ல பிறப்பு ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துட்டேன். அக்கா பிரசவத்த அப்பவே அப்பா எழுதி வச்சிருக்காரு. பாப்பா பேர் இல்ல, பெண் குழந்தைன்னுதான் இருக்கு. ஆனா அக்கா பேரும் உங்க பேரும் தேதியும் தெளிவா இருக்கு. நகல்ல சீல் போட்டு வாங்கி அனுப்பறேன்." நீலச் சீல் வைத்த ஒற்றைத் தாள். ஜனவரி பதினேழு.

அதைத் தூக்கிக்கொண்டு நான் நேரே மொரீனிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த நேரத்தில் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அரசு அலுவலகத்தில் இருந்தது. அதில் கண்ட விவரம் எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேன். ஊரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஒரு குழந்தைக்கு இரண்டு பிறந்த தேதி. பாஸ்போர்ட்டில் ஒன்று, இதில் ஒன்று. பதிவேட்டை வைத்திருக்கிற சார்ஜென்ட் உட்கார்ந்திருக்கும் அறையில் இதை நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்."

"எடுத்தால் அனுப்பிவிடுவார்களா?"

"தெரியாது. அனுப்ப மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது."

நெய்வேலி வேலையை நான் ராஜினாமா செய்துவிட்டு வந்தவன். குவார்ட்டர்ஸை ஒப்படைத்தாகிவிட்டது. கம்மாபுரம் பக்கத்து நிலத்தை நான் இங்கே வந்த பிறகு சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாக வந்த பெர்மனென்ட் வேலை என் தம்பிக்குப் போனது, அதுதான் நியாயம். அனுப்பினால் நான் எங்கே போய் நிற்பது? இதை எல்லாம் இரவும் பகலும் கணக்குப் போட்டேன். ஒரு கோப்பை, பதினைந்து மெடல். விளையாட்டுத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அமுதா கேட்டபோது, "இன்னும் வரல" என்றேன்.

6

விசாரணை நடந்தது ஊர்ப் பொது அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், தலைவர். ஒரு பக்கம் சார்ஜென்ட், சீருடை இல்லாமல், பதிவேட்டு நகலோடு. இன்னொரு பக்கம் மொரீன், என் பக்கத்தில். பின்வரிசையில் அணிப் பெண்கள், அவர்களுக்கு நடுவில் அமுதா.

சார்ஜென்ட் தேதியைப் படித்தார். குரலில் ஒரு குரூரமும் இல்லை. உட்காரும்போது என்னைப் பார்த்து, மன்னித்துக்கொள் என்பது போலத் தலையை அசைத்தார்.

தலைவர் என்னிடம் பாஸ்போர்ட் கேட்டார். கோட்டின் உள்பையிலிருந்து எடுத்துத் திறந்தேன். மகளின் விவரம் இருக்கும் பக்கத்தில், நாலாக மடித்த ஒரு தாள். நீலச் சீல் வெளியே தெரிந்தது.

நான் அதை அங்கே வைக்கவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன், சாவி என் தலையணைக்கு அடியில். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் தேடி எடுத்திருக்கிறாள். மூன்றாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அம்மாவின் பெயரைப் படித்திருப்பாள். என்னிடம் சண்டை போடவில்லை, ஏன் ஒளித்தாய் என்று கேட்கவில்லை. நான் எடுக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை எடுத்தேன். உள்பையில் திரும்ப வைத்தேன். பாஸ்போர்ட்டை மட்டும் மேசை மேல் வைத்தேன்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஜூன் ஒன்று என்று இருக்கிறது. நீங்கள் தகப்பன். எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்."

"பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் சரி."

"அப்படியானால் இந்தப் படிவத்தில் ஜனவரி என்று எழுதியது யார்?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்தே வைக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தவறு என்னுடையது, நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும். சார்ஜென்ட் வேறு எதிரில் இருக்கிறார். என் வாய் முந்திக்கொண்டது.

"என் மகள். ஆட ஆசைப்பட்டு எழுதியிருப்பாள். சின்னப் பெண்தானே, மன்னித்துவிடுங்கள்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

7

கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. மெடல்களை மொரீன் ஒரு பிஸ்கட் டின்னில் வீடு வீடாகப் போய் வாங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது உள்ளே வரவில்லை. அமுதா வாசலிலேயே கழற்றிப் போட்டாள். டின்னில் விழுந்த அதன் சத்தம் சமையலறை வரை கேட்டது. அதற்குப் பிறகு மொரீன் அவளைப் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. பள்ளியில் ஏமாற்றுக்காரி என்று அவள் மேசைப் பலகையில் எழுதி வைத்தார்களாம். வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆலையில் என் மேல் யாருக்கும் கோபம் இல்லை. பாவம், நேர்மையான மனிதன், மகள் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னான் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபடி நான் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தேன்.

அமுதா என்னோடு சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், எல்லாம் ஆங்கிலத்தில். ஜனவரி பதினேழு அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். "Today's not my birthday" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் அதை அப்படியே பறவைகளுக்குக் கொட்டினேன்.

மே மாதம் குடியுரிமைத் தாள்கள் வந்தன. இரண்டு பேருக்கும். அவளுடையதில் ஜூன் ஒன்று என்று அழகான எழுத்தில் இருந்தது.

ஜூன் ஒன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் பையோடு இறங்கி வந்தாள். லண்டனில் ஒரு ஹோட்டலில் வேலை, கூடப் படித்த பெண்ணின் அக்கா பார்த்துக் கொடுத்தது, மத்தியானம் கப்பல் என்றாள்.

"பரீட்சை?"

பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நீ போக முடியாது. உன்னை அனுப்ப மாட்டேன். உனக்கு இன்னும் பதினேழுதான் ஆகுது, சட்டப்படி நான் சொன்னாத்தான் போகலாம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"இன்னிக்குப் பதினெட்டுப்பா. நீதானே அவங்ககிட்ட சொன்ன."

அந்தத் தாள் அப்போதும் என் கோட்டின் உள்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அவளைத் தடுத்திருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எடுப்பேன்? பஸ் நிறுத்தம் வரைக்கும் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அதை மட்டும் தூக்க விட்டாள்.

8

இன்றைய ஆட்டம் எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும். மொரீன் இந்த வருடம் பயிற்சியாளர் இல்லை, முழங்கால் போய்விட்டதாம். வேலியோரப் பலகையில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்தார். நான் மகளால் அவமானப்பட்ட தகப்பன் அல்லவா, அந்த இரக்கம்.

பாதி ஆட்டம் வரை நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவரே கேட்டார்.

"எம்மா எப்படி இருக்கிறாள்?"

"போனதிலிருந்து ஒன்றிரண்டு கார்டு போட்டாள். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தாள்."

"அவள் மாதிரி ஒருத்தி இனிமேல் எனக்குக் கிடைக்கமாட்டாள் மர்ட்டி. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்தது. என்னிடம் அவள் பொய் சொல்லுவாள் என்று நான் நினைக்கவே இல்லை." ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "பிந்தினாலும் பரவாயில்லை, பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். விலாசம் கொடு. ஜூன் ஒன்றுதானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். இனி யாரும் எங்களை எங்கும் அனுப்பப் போவதில்லை, பயந்து சாவதற்குக் காரணமும் இல்லை. காரணம் இல்லாதபோது உண்மை எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஜனவரி பதினேழு" என்றேன். உள்பையிலிருந்து தாளை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

மொரீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தேதி எண்ணில் இருந்தது, சீல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போது வந்தது?"

"விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால்."

"அன்றைக்கு எங்கே இருந்தது?"

"பையில்."

அவர் தாளை மடித்தார். மெதுவாக, மடிப்பு பிசகாமல் மடித்து, எனக்கும் தனக்கும் நடுவில் பலகையில் வைத்தார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்ச டீயைப் புல்லில் ஊற்றினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

தாள் பறந்துவிடாமல் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். களத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பதினைந்தாம் எண் பனியன். ஆலைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று, அர்த்தம் தெரியாமல், "உடாத! உடாத!" என்று கத்தினார்கள்.